பிறகு வரைந்த கான்

பிளான் வரைகிற டிரேசிங் துணியைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கசக்கினால் அதிலுள்ள பசையெல்லாம் போய், கைக்கு இதமான லினன் துணி கிடைக்கும். எங்கள் கந்தோரில் வேலை பார்த்த எல்லோருடைய கைக்குட்டையும் அப்படி வந்ததுதான். பிழையாகப் போன படங்களை யாரும் எறிவதில்லை. சிலர் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குச் சட்டை தைப்பார்கள். நானும் ஒருமுறை ஒரு பிள்ளையின் சட்டைக்குத் துணி கொடுத்திருக்கிறேன்.

ஐயா, உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மேசன் வீரய்யா இந்தியாவுக்குப் போகப் பெயர் கொடுத்திருக்கிறார், போவதற்கு முன் தன் மேலுள்ள பழி நீங்கவேண்டும் என்கிறார், அதற்காக அவருடைய மகன் கணேசமூர்த்தி உங்களைத் தேடி வந்தார் என்று எழுதியிருந்தீர்கள். ஏழு வருடத்துக்கு முன், 1957இல், சங்குமலைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயம் மண்ணுக்குள் போனது பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதித் தரமுடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வக்கீல் கடிதம் இவ்வளவு மரியாதையாக இருந்து நான் பார்த்ததில்லை. ஆகவே நானும் ஒழுங்காகவே எழுதுகிறேன்.

என் பெயர் முத்துலிங்கம். ஹட்டனில் தோட்டங்களுக்குக் கட்டடப் பிளான் போட்டுக் கொடுக்கும் கந்தோர் ஒன்றில் பதினான்கு வருடமாகப் படவரைஞன். வேலையில் என்னை யாரும் குறை சொன்னதில்லை. எழுத்து விஷயத்தில் நான் கொஞ்சம் முசுடு. பக்கத்து மேசைக்காரன் கோணலாக ஓர் எழுத்துப் போட்டாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது.

துரை பங்களா ஒன்றுக்குப் பிளான் போடுவதென்றால் ஒன்பது துணி செலவாகும். நாய்க்கூட்டுக்குக்கூடக் குறுக்குவெட்டுப் படம் தனியாக வரையவேண்டும். ரோசாச் செடி எங்கே வரும், குதிரை எங்கே நிற்கும், எல்லாம் இருக்கும். லயத்துக்கு ஒரே துணிதான். குடும்பத்துக்கு ஓர் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடியில் ஒரு காம்பிரா, முன்னால் இஸ்தோப்பு என்கிற சின்னத் திண்ணை, மூலையில் அடுப்பு. ஒரு காம்பிராவை முழுதாக வரைந்துவிட்டு மற்றப் பதினொன்றிலும் ‘மேற்படி’ என்று எழுதுவோம். லயத்துக்குக் குறுக்குவெட்டு வரைகிற வழக்கம் கிடையாது. ஆகவே பின்னாலிருக்கும் மலை எவ்வளவு செங்குத்து என்பது தாளில் தெரியாது. மேலே ‘கூலி லைன்ஸ்’ என்று பெரிய எழுத்தில் தலைப்பு வரும். அந்தத் தலைப்பை என்னைப்போல் எழுத எங்கள் கந்தோரில் ஆளில்லை.

துணியில் வரைந்ததை வெயிலில் காட்டிப் பிரின்ட் எடுப்போம். ஹட்டன் மூட்டத்தில் ஒரு பிரின்டுக்கு அரைநாள் காத்திருக்கவேண்டும். பிறகு அதில் நிறம் பூசுவோம். கல்லுக்குச் சாம்பல், செங்கல்லுக்குச் சிவப்பு, மரத்துக்கு மஞ்சள், தண்ணீர் போகிற வழிக்கு நீலம். தோட்டத்து மேசன்மார் பலருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. அவர்கள் நிறத்தைத்தான் வாசிப்பார்கள். வீரய்யாவும் அப்படித்தான். ஆனால் நிறத்தை அவரைப்போல் வாசிக்கிற ஆளை நான் கண்டதில்லை. ஒரு தூணுக்குச் சிவப்புப் பூச மறந்துபோனால், மறுநாளே பஸ் ஏறி வந்து கேட்டுவிடுவார்.

இனி என்னைப் பற்றி. நான் அதே சங்குமலைத் தோட்டத்தின் கீழ் டிவிசனில், ஒரு லயத்துக் காம்பிராவில் பிறந்தவன். எனக்கு நாலு வயதாகும்போது அப்பனும் ஆத்தாளும் ஒரே காய்ச்சலில் போய்விட்டார்கள். என் அக்காள் அம்மாக்கண்ணு என்னை வளர்த்தாள். அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. கொழுந்து பறித்துத்தான் வளர்த்தாள். நான் கெட்டிக்காரன் என்று தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் சொன்னதைக் கேட்டு, பதினொரு வயதில் என்னை ஹட்டனுக்குக் கொண்டுவந்து விடுதியில் சேர்த்தாள். அதற்குப் பிறகு நான் தோட்டத்துக்குப் போகவில்லை. முதலில் பாடம் அதிகம் என்றேன். பிறகு காரணம் சொல்வதையே விட்டுவிட்டேன்.

கந்தோரில் சேர்ந்த முதல் நாள், யாழ்ப்பாணத்துத் தலைமைக் கிளாக்கர், “தம்பி எந்த இடம்?” என்று கேட்டார். “வவுனியாப் பக்கம்” என்றேன். அது ஒரு சின்ன வார்த்தை. அவருக்கும் திருப்தி, எனக்கும் நிம்மதி. அதன் பிறகு பேச்சை யாழ்ப்பாணத் தமிழாக மாற்றிக்கொண்டேன். ஆறே மாதத்தில் சாவகச்சேரிக்காரர்களே என்னை அயலூர்க்காரன் என்று நினைக்கத் தொடங்கினார்கள். 1959இல் அந்த ஊரிலேயே பெண்ணும் எடுத்தேன். என் மனைவி புனிதவதி பள்ளிக்கூட ஆசிரியை, நல்ல குடும்பம்.

அக்காளை நான் கைவிட்டுவிடவில்லை என்பதையும் நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹட்டன் கடைவீதியில் ஹமீத் நானாவின் புடைவைக் கடைக்குப் பின்புறம் சந்திப்போம். ஹமீத் நானா ஒன்றும் கேட்கமாட்டார், ஒரு ஸ்டூலை மட்டும் எடுத்துப் போடுவார். அவள் புருஷன் செத்து, சண்முகவடிவு என்ற ஒரு பெண்குழந்தையோடு இருந்தாள். அந்தக் குழந்தைக்குத்தான் துணி கொடுத்தேன், பழைய பங்களாப் படம் ஒன்று. எவ்வளவு கசக்கியும் அதில் ஒரு மாடிப்படியின் கோடுகள் மங்கலாக நின்றுவிட்டன. அக்காள் அதையும் ரசித்தாள்.

“என்னடா இது, வாயத் தொறந்தா ‘ஓம் ஓம்’ங்கற? கோயில் ஐயரு கணக்கா இருக்கு” என்று சிரிப்பாள். பிறகு அவளே, “நீ பேசு சாமி. நான் கந்தோர்ப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டேன், நீ பயப்படாத” என்பாள். அதை அவள் சொல்லும்போது எனக்கு முகம் எரியும். ஆனாலும் சொல்லவேண்டாமென்று நான் தடுத்ததில்லை.

1957 தொடக்கத்தில், கீழ் டிவிசனின் பழைய லயத்தை இடித்துவிட்டு அதே இடத்தில் புது லயம் கட்டத் தோட்டத்துத் துரை உத்தரவு வாங்கினார். எங்கள் எஞ்சினியர் என்னைக் கூப்பிட்டு, நேரில் போய் நிலத்தின் மட்டம் எடுத்து வா என்றார். நான் போனால் அங்கே யாராவது, “ஏய், நம்ம அம்மாக்கண்ணு தம்பிடா” என்று கூவுவார்கள். வேலைகளை மேற்பார்க்கிற கண்டக்டர், அதாவது கண்டாக்கையா, கேட்பார், துரை கேட்பார், சாயந்தரம் தேநீருக்கு முன் கந்தோருக்கும் வந்துவிடும். எனக்குக் காய்ச்சல் என்று இரண்டு நாள் அறையில் படுத்துக்கொண்டேன். பிறகு மேல் டிவிசன் லயத்துக்கு முன்பு வேறொருவர் எடுத்த மட்டக் கணக்கையே எழுதிக் கொடுத்தேன். அது தட்டையான இடம். தட்டையான இடத்துக்குப் பின்புறம் கான் வேண்டியதில்லை. கான் என்றால் உங்களுக்குத் தெரியும், மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீரைத் தடுத்துப் பக்கமாக விடுகிற வாய்க்கால்.

அக்காளுக்கு ஒரே சந்தோஷம். “நீ போட்ட லயத்துலதான் நாங்க குடியேறப் போறோம். வேற யாருக்கும் சொல்லல. வீரய்யா அண்ணன்கிட்ட மட்டும் சொன்னேன், அவரு வாயில ஒண்ணும் வராது. எந்தக் காம்பிரா தம்பி நல்லது? கணக்கப்பிள்ளைகிட்ட அதையே கேட்டு வாங்கிக்கறேன்.”

நான் யோசித்துத்தான் சொன்னேன். ஓரத்துக் காம்பிராக்களில் காத்து அடிக்கும், பிள்ளைக்குச் சளி பிடிக்கும், நடுவில் ஆறாம் நம்பரைக் கேள் என்றேன். ஒரு படவரைஞன் சொல்லவேண்டிய நியாயமான பதில்தான் அது. அவளும் அதையே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

லயம் கூரை மட்டத்துக்கு வந்தபோது வீரய்யா பிரின்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கந்தோருக்கு வந்தார். என் மேசையில் விரித்து, விரலால் பின்புறச் சுவரைத் தடவிக் காட்டினார்.

“ஐயா, மேட்டுப் பக்கம் கானு காட்டலீங்களே. நீலமே காணோம்.”

“தேவையில்லை” என்றேன்.

“அந்த மேட்டுல ஊத்து இருக்குதுங்க. பழைய லயத்துக்குப் பின்னால வெள்ளக்காரன் காலத்துக் கானு ஒண்ணு ஓடுச்சு. பிளான்ல இல்லன்னு கண்டாக்கையா அத மூடச் சொல்லிட்டாரு. மழைக்கு முன்னால ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க. நீங்க ஒரு கோடு போட்டுக் குடுத்தா நான் ரெண்டு நாள்ல வெட்டிப்புடுவேன்.”

“பிளானிலை உள்ளபடி கட்டினால் போதும். இதை இங்கை வைச்சிட்டுப் போங்கோ, பார்த்துச் சொல்லுறன்.”

பிரின்டை வைத்துவிட்டு வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். யாருக்கும் கேட்காத குரலில், “அம்மாக்கண்ணு சொல்லிச்சுங்க, நீங்க நல்லா இருக்கீங்கன்னு. ரொம்ப சந்தோசம்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். அன்றைக்கு எனக்கு அந்த ஊற்றைவிட அவரைப் பார்த்துத்தான் பயம்.

அவர் போன பிறகு அலுமாரியைத் திறந்து பழைய லயத்தின் படத்தை எடுத்துப் பார்த்தேன். 1912இல் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியர் வரைந்தது. வழக்கத்தை மீறி அதற்கு அவர் குறுக்குவெட்டும் வரைந்திருந்தார். மேட்டின் சரிவு, அதன் மேல் கான், நீலம் வெளிறாமல் அப்படியே இருந்தது. நான் விட்டது ஒரே ஒரு கோடு. தாளில் அளந்தால் நாலு அங்குலம். அதைப் போடுவதென்றால் எஞ்சினியரிடம் சொல்லவேண்டும். சொன்னால், நீ மட்டம் எடுக்கப் போனாயா என்று கேட்பார், போய் நின்று கான் வெட்டுவதைப் பார் என்பார். படத்தைச் சுருட்டி இருந்த இடத்திலேயே வைத்தேன். வீரய்யாவின் பிரின்டை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். அதற்குப் பிறகு மூன்று வாரம் மழை வரவில்லை. அந்த மூன்று வாரமும் நான் ஒழுங்காக வேலைக்குப் போனேன், சாப்பிட்டேன், தூங்கினேன்.

அந்த ஊற்று எனக்குத் தெரியாமல் இருந்தது என்று நீங்கள் நினைக்கக்கூடாது. சின்ன வயதில் அக்காள் என்னைக் குளிப்பாட்டியது அதில்தான்.

ஆடி மாதத்தில் ஒரு விடிகாலை, வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கும் முன், மேடு சரிந்தது. ஐந்தாம், ஆறாம், ஏழாம் காம்பிராக்கள் மண்ணுக்குள் போயின. ஏழு பேர். ஓரத்துக் காம்பிராக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

விசாரணைக்கு ஒரு படம் தேவைப்பட்டது. யார் யார் எந்த இடத்தில் கிடந்தார்கள் என்று காட்டுகிற படம். இந்த முறை காய்ச்சல் என்று சொல்ல முடியவில்லை. பதினெட்டு வருடம் கழித்துத் தொப்பியும் மூக்குக்கண்ணாடியும் போட்டுக்கொண்டு சங்குமலைக்குப் போனேன். யாரும் என்னை அடையாளம் காணவில்லை. அழுதுகொண்டிருந்தவர்கள் எனக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள். இரண்டு பேர் அளவுச் சங்கிலி பிடித்தார்கள். அவர்கள் காட்டிய இடங்களை நான் அளந்து குறித்துக்கொண்டேன். உடல்களை மடுவத்தில், கொழுந்து நிறுக்கிற இடத்தில், வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். ஐந்தாவதாகக் கிடந்த பிள்ளையின் முகம் தெரியவில்லை. சட்டையில் மாடிப்படி தெரிந்தது. நாலாவது யார் என்று நான் துணியை விலக்கிப் பார்க்கவில்லை. வீரய்யா மண்வெட்டியோடு தூரத்தில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் கிட்ட வரவில்லை. அவர் கிட்ட வந்து நான் அழுதுவிட்டால் அது என்னைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும் என்று நினைத்து ஒதுங்கி நின்றார் என்று இப்போது தோன்றுகிறது.

பழைய கட்டடத்தைக் கறுப்பிலும் புதியதைச் சிவப்பிலும் வரைவது எங்கள் வழக்கம். செத்தவர்களுக்கு வழக்கம் எதுவும் இல்லை. நான் சிறு வட்டம் போட்டு உள்ளே இலக்கம் எழுதினேன். ஏழும் ஒரே அளவு வட்டங்கள். எஞ்சினியர் பார்த்துவிட்டு, மிகத் துப்புரவான வேலை என்றார். அதைக் கேட்டு நான் ஒரு கணம் மகிழ்ந்தேன். என் வாழ்க்கையில் எதை நினைத்து அதிகம் கூசுகிறேன் என்று கேட்டால் இதைச் சொல்வேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கந்தோரில் யாருமில்லாதபோது, புதுத் துணி ஒன்றை எடுத்து லயத்தின் பிளானை மறுபடி வரைந்தேன். இந்த முறை மேட்டுக் கானோடு. பழைய தேதி போட்டேன். புதுத் துணி பளிச்சென்று தெரிந்தது. வெறும் தேநீரை ஆறவைத்துப் பஞ்சால் ஒற்றி எடுத்தேன், நாலு மாதத்துப் பழமை வந்துவிட்டது. வீரய்யாவின் பிரின்டை அடுப்பில் போட்டேன். இரண்டு மணி நேர வேலை.

விசாரணையில் வீரய்யா உள்ளதைச் சொன்னார். “பிளான்ல கானு இல்லீங்க. நான் கந்தோருக்குப் போயி இவருகிட்டக் கேட்டேன். பிரின்ட அவருகிட்டத்தான் குடுத்தேன்.”

என்னைக் கேட்டார்கள். இவர் வரவேயில்லை என்றேன். துணியைக் காட்டினேன். நீலக் கோட்டை எல்லோரும் பார்த்தார்கள். வீரய்யாவும் குனிந்து பார்த்தார். நிறம் வாசிக்கிற மனிதர், ஒருதரம் பார்த்ததே போதும், அது புது நீலம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை.

“ஐயா, இவரு எங்க தோட்டத்துப் புள்ளைங்க. பொய் சொல்ற புள்ள இல்ல. கூடப் பொறந்தவளப் பறிகுடுத்துட்டு மனசு கலங்கி நிக்குறாரு. கொஞ்சம் நேரங் குடுத்துக் கேட்டுப் பாருங்க” என்றார்.

கண்டக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் தலைமைக் கிளாக்கரும் பார்த்தார். அப்போது நான் ஒன்றும் பேசாமல் நின்றிருந்தாலே போதும், உண்மை தானாக வந்திருக்கும்.

“எனக்கு இந்த ஆளைத் தெரியாது. நான் வவுனியா” என்றேன்.

இறந்தவர்களில் யாராவது உறவா என்று முறைக்காகக் கேட்டார்கள். இல்லை என்றேன். என் பேச்சைக் கேட்டவர்கள் அதற்குமேல் கேட்கவில்லை. வீரய்யா அதன் பிறகு வாயைத் திறக்கவில்லை. பிளானிலிருந்த கானை வெட்டாமல் விட்டார் என்று வழக்காகி அவருக்கு இரண்டு வருடம் சிறை கிடைத்தது. தோட்டத்தில் பெயர் வெட்டினார்கள், காம்பிராவைக் காலி பண்ணச் சொன்னார்கள். வெளியே வந்த பிறகு எந்தத் தோட்டமும் அவருக்கு மேசன் கரண்டியைக் கொடுக்கவில்லை. தலவாக்கலை ஸ்டேஷனில் அவர் மூட்டை தூக்குவதை இரண்டு தரம் ரயில் பெட்டிக்குள்ளிருந்து பார்த்திருக்கிறேன். இரண்டு தரமும் பத்திரிகையை விரித்துக்கொண்டேன்.

அக்காளுக்கு யார் கொள்ளி வைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்க ஆளில்லை. ஹமீத் நானாவின் கடைக்கு ஒருமுறை போனேன். அவர் ஸ்டூலை எடுத்துப் போடவில்லை. “இனி இங்க வராதீங்க தம்பி” என்றார். அவ்வளவுதான்.

வேலை போய்விடும் என்ற பயத்தில் செய்தேன் என்று இவ்வளவு காலமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது சரியில்லை. கான் விட்டுப்போனதற்கு எஞ்சினியர் திட்டியிருப்பார், ஒரு மாதம் சம்பளம் பிடித்திருப்பார், அவ்வளவுதான். வேலையைக் காப்பாற்ற ஏழு உயிர் தேவைப்பட்டிருக்காது. வீரய்யாவை உள்ளே அனுப்பியது கானுக்காகவும் இல்லை. தோட்டத்தில் நான் யாரென்று தெரிந்து உயிரோடு மிஞ்சியிருந்த ஆள் அவர் என்பதற்காக அனுப்பினேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது.

முதலில் வரைந்த துணியை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை அழிக்க மனம் வரவில்லை, தலைப்பு எழுத்து நன்றாக வந்திருந்தது. அதில் கான் இல்லை, தேதியும் என் கையெழுத்தும் இருக்கின்றன. கந்தோரில் இருக்கும் மற்றத் துணியோடு ஒப்பிட்டால் வீரய்யா சொன்னது முழுக்க உண்மை என்று யாருக்கும் விளங்கும். அவர் கப்பல் ஏறும் முன் அவருடைய பெயரைச் சுத்தமாக்கிக் கொடுங்கள். எனக்கு என்ன தண்டனை என்றாலும் சம்மதம். இறந்தவர்களின் பட்டியலில் நாலாம் இலக்கம் என் உடன்பிறந்த அக்காள் அம்மாக்கண்ணு, ஐந்தாம் இலக்கம் அவள் மகள் சண்முகவடிவு. ஏழு பேரையும் கொன்றது நான்.

ஒரே ஒரு உதவி மட்டும் கேட்கிறேன், ஐயா. இந்த விஷயம் எப்படியும் என் மனைவி காதுக்குப் போகும். ஏழு பேரைக் கொன்றவன், பழியை இன்னொருவன் தலையில் போட்டவன் என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள், அதை அவள் தாங்கிக்கொள்வாள். அம்மாக்கண்ணு என் அக்காள் என்பதையும், நான் லயத்துக் காம்பிராவில் பிறந்தவன் என்பதையும் மட்டும் அவளுக்குச் சொல்லாமல் விட ஏதாவது வழியிருக்கிறதா என்று பாருங்கள்.